ஞானசுந்தரி டாக்டரும் மருந்துக்குக் கேட்காத புழுக்களும்

போன செவ்வாய்க்கிழமை காலை, பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்குத் தொலைபேசி வந்தது. கடைக்கார அண்ணாச்சி கைதட்டி என்னைக் கூப்பிட்டார். பேசியவர் ஞானசுந்தரி டாக்டரின் தம்பி. அக்கா முந்தின நாள் சாயங்காலம் தவறிவிட்டதாகவும், மூன்று மணிக்கு நாசரேத்தில் அடக்கம் என்றும் சொன்னார். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். கல்லறைத் தோட்டத்தில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை, அவரை அறிந்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு கால்நடை மருத்துவமனையில் நாங்கள் வேலைபார்த்தோம். அவர் டாக்டர். நான் ஆய்வக உதவியாளன், சுடலைமுத்து. ஆட்டுப் புழுக்கையைக் கெட்டியான உப்புநீரில் கரைத்து வடிகட்டினால், குடற்புழுக்களின் முட்டைகள் மேலே மிதக்கும். அவற்றை மைக்ராஸ்கோப்பில் எண்ணினால், ஆட்டின் குடலில் புழு எவ்வளவு என்று ஊகித்துவிடலாம். உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, எண்ணத்தான் ஆள் வேண்டும். அது என் வேலை. சாணி பார்க்கிறவன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். டாக்டரோ புழுக்கையைத் தன் கையாலேயே பொறுக்கிப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார்.

ஒருமுறை, மருந்துக் கம்பெனி ஒன்று புதிய குடற்புழு மருந்தைச் சோதித்துச் சொல்லும்படி அனுப்பியது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஒரே அளவு என்று குப்பியில் அச்சிட்டிருந்தது. செம்மறிக்குச் சாத்தான்குளம் பக்கத்தில் மந்தை மேய்க்கும் கீதாரி ஒருவர் சம்மதித்தார். வெள்ளாட்டுக்குத் திருச்செந்தூர் போகும் வழியில் ஒரு கடற்கரை ஊருக்குப் போனோம். அங்கே மரியம்மை என்பவரிடம் பெரிய ஆட்டுப்பட்டி இருந்தது. அவர் கணவர் முத்துக்குளித்தவர். முத்துக்குளிப்பு நின்றபின் ஆடுகள்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டன.

பாதி ஆடுகளுக்கு மருந்து, பாதிக்கு இல்லை என்றதும் மரியம்மைக்குக் கோபம் வந்துவிட்டது.

"மருந்து நல்லதுன்னா எல்லாத்துக்கும் குடுங்க. கெட்டதுன்னா ஒண்ணுக்கும் வேண்டாம். பாதியைச் சும்மா விடுதது என்ன நியாயம்?"

டாக்டர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "இப்பதான் மழை பெய்ஞ்சு புல்லு முளைச்சிருக்கு. புல்லு தின்னாலும் ஆடு தேறும். தேறினது மருந்தாலயா புல்லாலயான்னு எனக்குத் தெரியணும்லா? தெரியாம ஊர் ஆட்டுக்கெல்லாம் எப்படி ஊத்துவேன்?" என்றார். இரண்டு வாரம் முடிந்ததும் எல்லா ஆட்டுக்கும் மருந்து உண்டு, நடுவில் எது சோர்ந்தாலும் அன்றைக்கே வந்து பார்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். மரியம்மை வெகுநேரம் யோசித்துத்தான் சம்மதித்தார்.

ஒன்பதாம் நாள், மருந்து கொடுக்காத ஆடு ஒன்றுக்குத் தாடைக்குக் கீழே வீங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. ரத்தத்தைப் புழு உறிஞ்சிவிட்டதன் அடையாளம் அது. டாக்டர் உடனே கிளம்பினார். அந்த ஆட்டுக்கு மருந்து கொடுத்தால் சோதனையில் ஒன்று குறையுமே என்று கேட்டேன். "சோதனையில ஒண்ணு குறையட்டும். அவங்க பட்டியில குறையக்கூடாது," என்றார். ஆடு பிழைத்தது.

பொட்டலங்களில் எண் மட்டும்தான் இருக்கும். எது மருந்து குடித்த ஆடு என்று எனக்குச் சொல்லமாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "உங்களுக்குத் தெரிஞ்சா உங்க கண்ணுக்கும் தெரிஞ்சிரும். அப்புறம் அது நினைச்சதைத்தான் எண்ணும்," என்றார்.

செம்மறிகளில் முட்டைகள் அநேகமாக மறைந்துவிட்டன. வெள்ளாடுகளில் மருந்து குடித்ததற்கும் குடிக்காததற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கம்பெனிக்காரரும் எங்கள் மேலதிகாரியும் வந்தார்கள். வெள்ளாட்டை விட்டுவிட்டுச் செம்மறியைப் பற்றி மட்டும் எழுதலாமே என்றார் அதிகாரி. டாக்டர் மறுத்தார். உடனே அதிகாரி என்னைக் காட்டி, பத்தாவது படித்தவன் எண்ணியதை நம்பி ஒரு மருந்தைக் குறைசொல்வதா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. குளிர்பெட்டியிலிருந்து, மருந்து குடித்த வெள்ளாடு ஒன்றின் மீதிப் புழுக்கையை எடுத்துப் புதிதாகக் கரைத்தார். முதலில் என்னை எண்ணச் சொல்லி, நான் எழுதிய சீட்டை மடித்து வாங்கிக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்களே எண்ணுங்க சார். எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணினார். சீட்டைப் பிரித்தபோது, அவருடைய எண் என்னுடையதைவிட இரண்டு கூடுதலாக இருந்தது. அவர் கணக்குப்படி புழு இன்னும் அதிகம். "மருந்து கெட்டதுன்னு நான் எழுதல. வெள்ளாட்டுக்கு இந்த அளவு பத்தலைன்னுதான் எழுதுதேன்," என்றார் டாக்டர்.

அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணத்தை யாரும் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. கம்பெனிக்கு மட்டும் விடாமல் கடிதம் எழுதினார். கடைசியில், கூடுதல் அளவைச் சோதிக்கலாம் என்று அவர்கள் இறங்கிவந்தார்கள். முதலில் நாலைந்து ஆடுகளுக்குக் கூடுதல் அளவு கொடுத்து, ஒன்றுக்கும் கெடுதல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மறுபடியும் மரியம்மையின் பட்டிக்குப் போனோம். இந்தமுறை வெள்ளாடுகளிலும் முட்டைகள் காணாமல்போயின. பிறகு வந்த குப்பிகளில் வெள்ளாட்டுக்குத் தனி அளவு அச்சாகியிருந்தது. அந்த வரியைக் கம்பவுண்டர் முதல் வாசல் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் வாசித்துக் காட்டியவன் நான்தான்.

அடுத்த கோடையில் அதே ஊர்க் கடற்கரை நாய்களுக்குக் கொக்கிப்புழு மருந்தைச் சோதிக்கப் போனோம். நாய்கள் அசுத்தம் செய்த மணலில் விளையாடி, பிள்ளைகளின் பாதங்களில் அரிப்பு கண்டிருந்தது. நாயைப் பிடித்துத்தர யார் வருவார்கள் என்று நான் கவலைப்பட்டேன். எங்களைக் கண்டதும் மரியம்மை தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏளா, நம்ம டாக்டரம்மா வாராங்க. நாய்களைக் கட்டுங்க. பாதிக்குத்தான் மருந்து, சண்டை போடாதீங்க."

வெள்ளாட்டு அறிக்கையின் கார்பன் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே 'முட்டைகளை எண்ணியவர்: சுடலைமுத்து' என்று தட்டச்சாகியிருக்கிறது. உதவியாளர் பெயர் போடும் வழக்கமில்லை என்று அதிகாரி அதை அடித்துத் திருப்பி அனுப்பினார். டாக்டர் அந்தப் பக்கத்தை மறுபடியும் தட்டச்சுசெய்து, அதே வரியோடு அனுப்பிவைத்தார். தாள் மஞ்சளாகிவிட்டது, எழுத்து மங்கவில்லை. அதன்பிறகு ஓய்வுபெறும் நாள்வரை, எந்த எண்ணையும் இரண்டுமுறை எண்ணாமல் நான் எழுதியதில்லை.