ஒரே குழாய், இரண்டு புட்டிகள்

டாக்டர் தெய்வானை போய்விட்டார் என்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து அவர் தம்பி போன் செய்தார். மறுநாள் பத்திரிகையில் 'பொறுமையின் வடிவம்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. மின்சாரம் நின்றால் சுவிட்ச் போர்டையே திட்டுகிறவர் அவர்.

எழுபதுகளில், பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் எங்கள் ஆய்வகம் இருந்தது. நான் டெக்னீஷியன். குழந்தைகளின் கல்லீரல் புற்றுக்கட்டியிலிருந்து செல் எடுத்து, கண்ணாடிப் புட்டியில் ஓயாமல் பெருகும்படி வளர்க்கப் பார்த்தோம். வளர்ந்தால் மருந்துகளை முதலில் புட்டியில் சோதிக்கலாம். ஆனால் எல்லாமே மூன்று வாரத்தில் செத்தன. "பொழைக்கவே மனசில்லாத செல்லுங்க இது" என்று டாக்டர் புட்டியை முறைப்பார். செல்லுக்கு ஊட்டத் திரவம் விட ஒரு புட்டிக்கு ஒரு குழாய் என்பது அவர் போட்ட சட்டம்.

கடைசியில் ஒன்று பிழைத்தது. வட்டவடையில் பூண்டு பயிரிடுபவர் ஒருவருடைய மூன்று வயது மகனின் கட்டி அது. அறுவை முடிந்து சில வாரங்களில் பையன் இறந்துவிட்டான். அப்பா மட்டும் மலையிறங்கி வந்துகொண்டே இருந்தார். "எம்புள்ளையோடது இன்னும் உசுரோட இருக்காம்மா?" என்பார். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் காட்டுவார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்.

இதைப் பற்றி ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புமுன் குரோமோசோம்களைப் பார்த்தோம். ஆணுக்குரிய குரோமோசோம் ஒரு செல்லில்கூட இல்லை. கல்லீரல் செல் சுரக்க வேண்டிய புரதமும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வெளியிலிருந்து வாங்கி அதே அலமாரியில் வளர்த்த, யாரோ ஒரு பெண்ணின் புற்றுச்செல் இதில் கலந்து, பையனுடையதை அழித்திருந்தது.

"கட்டுரை போகட்டும், அந்த அப்பாவிடமாவது சொல்லாமல் இருப்போமே" என்றேன்.

"ஏனுங்க, அந்த மனுசன் யாரோ ஒரு பொம்பளையோட செல்லப் பாத்து மகன்னு அழுதுட்டுப் போறாருங்க. அதுக்கு என்ன பதிலுங்க?"

அடுத்த முறை அந்த அப்பா வந்ததும் டாக்டர் சொல்லிவிட்டார். "உங்க பையனோடது எப்பவோ செத்துருச்சுங்க. என்ற பொறுப்புல இருக்கற ஆய்வகம், என்ற தப்புங்க."

"அப்ப நான் இத்தன நாளா யாரைப் பாத்தேன்?" என்று கேட்டார் அவர். பிறகு அவர் வரவில்லை. வேறெந்தக் குழந்தையின் செல்லும் எங்களிடம் பிழைக்கவும் இல்லை. என்மேலேயே எனக்குள்ள அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

மின்சாரம் இல்லாத ஒரு நாளில் கிருமி நீங்க வேகவைத்த குழாய்கள் தீர்ந்துபோக, ஒரே குழாயால் அந்தப் பெண்ணின் செல் இருந்த புட்டிக்கும் பையனுடைய புட்டிக்கும் ஊட்டியவன் நான். டாக்டருக்கு அது தெரியும். பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. என் பெயரை யாரிடமும் சொல்லவும் இல்லை. அவரை அறிந்த உங்களிடம் இன்று நானே சொல்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, உள்ளதைச் சொல்லிவிடும் இந்த ஒன்றுதான். அதையும் வட்டவடைக்காரர் எதிரே நின்றபோது எடுத்துக்கொள்ளவில்லை.