பட்ட காடு

எவ்வளவு உயரம் வளர்ந்தால், உப்புநீர்ச் சேற்றில் முளைக்கும் கண்டல் மரக் கன்றுகளைக் காடு என்று சொல்லலாம்? வரைபடம் வரைவதுதான் என் வேலை. இருந்தும் இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் விடை இல்லை. அது எழும்போதெல்லாம் எங்கள் பெரிய மிஸ்ஸின் பெருவிரல் நினைவுக்கு வருகிறது.

அவர் எங்கள் வரைபடப் பிரிவின் தலைவி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வவுணதீவுப் பக்கத்து வாவிக்கரையில் கண்டல் அழிந்த இடங்களை வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் பார்த்துச் சிவப்பாக்கி, ‘வெட்டப்பட்ட காடு’ என்று எழுதியிருந்தேன். அப்படித்தான் எழுதுவது வழக்கம். அந்தப் படத்தை வைத்து, விறகுக்கும் நண்டுக்கும் போகும் பெண்கள் கரையில் இறங்காதபடி வேலி போடப் பேச்சு நடந்தது.

மிஸ் கையெழுத்திடவில்லை. பழைய ஆண்டுகளின் படங்களைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். பெண்கள் வெட்டியிருந்தால் குடியிருப்புப் பக்கமிருந்தல்லவா சிவப்புத் தொடங்கியிருக்க வேண்டும்? அது புதிதாக உயர்த்திய வீதியின் ஓரத்தில் தொடங்கி உள்ளே பரவியிருந்தது. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். வீதிக்குக் கீழே ஒரு மதகுகூட இல்லை. வாவித் தண்ணீர் வந்துபோக வழியின்றித் தேங்கிக் கறுத்துக் கிடந்தது. அதற்குள் மரங்கள் நின்றபடியே காய்ந்திருந்தன.

விறகுக் கட்டோடு வந்த ஓர் அக்கா எங்கள் படத்தை எட்டிப் பார்த்தார்.

“மேல இருந்து பாக்கிறவருக்கு எங்கட கத்தி தெரிஞ்சிருக்கு, இவ்வளவு பெரிய றோட்டுத் தெரியல்லியாகா?”

மிஸ் சிரித்துவிட்டார். பிறகு படத்தை என்னிடம் நீட்டி, ‘வெட்டப்’ என்ற எழுத்துகளைப் பெருவிரலால் மறைத்தார். மிஞ்சியது ‘பட்ட காடு’.

“இதான் சரி, பிள்ள. என்னத்தால பட்டதெண்டும் பக்கத்தில எழுது.”

எழுதினேன். திருத்திய படம் போன பிறகு வேலிப் பேச்சு அடங்கியது. இழுபறிப்பட்டாலும் வீதிக்கு மதகுகள் வந்தன.

மிஸ் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். போன மாதம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போனேன். நுளம்பு கடிக்குமோ, சேற்றில் வழுக்கிவிடுவேனோ என்று பயந்தபடிதான் போனேன். மதகுக்குள்ளால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகளை இறக்கி நிறுத்தினால் அவள் உயரத்துக்குக் கன்றுகள். அப்பாடா என்றிருந்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இனிப் படத்தைப் புதுப்பிக்க வேண்டும். பச்சையாக்கினால், காடு வந்துவிட்டதென்று மதகுகளைத் துப்புரவாக்காமல் விட்டுவிடுவார்களோ? சிவப்பாகவே விட்டால், மதகு வந்தும் காடு வரவில்லையே என்று மறுபடி அந்தப் பெண்கள்மேல் பழி விழுமோ? மிஸ்ஸைத் தொலைபேசியில் கேட்டேன். “அது உன்ட வேலை, பிள்ள” என்று சிரித்தார்.

திரையில் அந்த இடத்தின்மேல் என் பெருவிரலை வைத்துப் பார்க்கிறேன். இம்முறை மறைப்பதால் சரியாகிவிடும் சொல் எதுவும் இல்லை. புதிதாக ஒன்று வேண்டும். நீங்கள் என்றால் அந்த இடத்துக்கு என்ன எழுதுவீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.