மூன்று கண்ணாடியில் எழுதிய இத்தாலி

லிஃப்ட்காரர் என்றால் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு வருடமாக அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தே பாதிப் பயத்தைப் போக்கிவிடுவார். மேலும் கீழுமாக அவர் போய்வந்த தூரத்தைக் கூட்டினால் பல ஊர்களைத் தாண்டியிருக்கலாம். பக்கவாட்டில் மட்டும் அதிகம் போனதில்லை. கல்யாணமான புதிதில் ஒரு கடற்கரை ஊருக்கு இரண்டு நாள் போனதோடு சரி.

மனைவிக்கு ஐம்பது வயது முடிந்த அன்று, "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று கேட்டார். துணி தேய்த்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே, "இத்தாலி" என்றாள்.

புது இஸ்திரிப் பெட்டி, மிஞ்சிப்போனால் ஒரு கைக்கடிகாரம் என்று எதிர்பார்த்திருந்தார் அவர்.

"இத்தாலில என்ன இருக்கு?"

"தண்ணிக்குள்ள ஒரு ஊரு நிக்குதாமே, வெனிஸ்னு. அது எப்படி நிக்குதுன்னு பாக்கணும்."

அவள் குடிநீர் வாரியத்தில் மீட்டர் அளவு எடுப்பவள். தெருத்தெருவாக நடந்து, வாசலுக்கு வாசல் குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி எண்ணைக் குறித்துக்கொள்கிற வேலை. தண்ணீர் விஷயமாக அவள் ஒன்று கேட்டால் மறுப்பது அவருக்கு நியாயமாகப் படவில்லை. எட்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

செய்தி அன்று மாலையே மச்சான் காதுக்குப் போய்விட்டது. மச்சான் அவளுடைய அண்ணன். முடிதிருத்தும் கடைக்காரர், மனைவியை இழந்து தனியாக இருப்பவர். கத்தரியும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். நானும் வரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டோடு வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு நாளா, மாப்ளே? தாராளம். ரோம், நேப்பிள்ஸ், பைசா கோபுரம், ஃப்ளோரன்ஸ், மிலான், வெனிஸ். அப்புறம் திரும்ப ரோம் வந்து ஃப்ளைட் ஏறிடலாம்."

"ஆறு ஊரு ஆகுதே, மச்சான்."

"போறதே ஆயுசுல ஒரு தடவை. அதுல போய் ஊரை எண்ணிக்கிட்டு இருப்பாங்களா?"

உள்ளுக்குள் லிஃப்ட்காரருக்கும் அதே ஆசைதான். மூன்று வாரம் ரயில் நேரங்களைப் பார்த்துப் பார்த்து, பெரிய தாளில் அட்டவணை போட்டார். ரோமில் ஆறு மணிக்கு எழுந்திருப்பது, ஆறு நாற்பதுக்குப் படியிறங்குவது, பைசாவில் கோபுரத்தைப் பார்க்க ஐம்பது நிமிடம், அதில் போட்டோவுக்குப் பத்து. ஒரு நாளில் இரண்டு ஊர் வருகிற இடத்துக்குச் சிவப்பு மை. மனைவி அதை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தாள்.

"இதுல சாப்பாடு எங்க இருக்கு?"

"ரயில்ல சாப்பிட்டுக்கலாம்."

"பாத்ரூமு?"

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃப்ளோரன்ஸ் மியூசியம் திங்கக்கிழமைன்னு போட்டிருக்கீங்க. திங்கக்கிழமை அது லீவுங்க" என்று போனைக் காட்டினாள்.

மச்சானுக்கு இதில் தனி மகிழ்ச்சி. "பாத்தீங்களா, நம்ம கடை மாதிரியே. விவரமான ஆளுங்கதான்."

அவள் சிரிக்கவில்லை. "பேப்பர்ல எல்லாரும் நல்லாத்தான் நடப்பாங்க. ஞாயித்துக்கிழமை மூணு பேரும் பெட்டியத் தூக்கிக்கிட்டு இங்கேயே ஒரு நாள் நடந்து பாத்துடுவோம். யாரு எவ்வளவு தாங்குறோம்னு தெரிஞ்சுடும்."

ஞாயிறு காலை மூவரும் கிளம்பினார்கள். பெட்டிகளில் பழைய செய்தித்தாள் கட்டுகள். எடை போதவில்லை என்று லிஃப்ட்காரர் தன் ஸ்பேனர்களை எடுத்து மச்சானுக்குத் தெரியாமல் அவர் பெட்டியில் போட்டுவைத்தார். ரயில் நிலையம் வரை நடை, அங்கே தண்டவாளத்துக்கு மேலே உள்ள நடைபாலத்தில் ஏறி இறங்குவது, பிறகு பூங்காவைச் சுற்றி வந்து மறுபடியும் பாலம். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படி உண்டு என்று அவள் படித்திருந்தாள்.

தெருமுனையில் மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டார். "குடும்பத்தோட எங்க கிளம்பிட்டீங்க?"

"இத்தாலிக்கு" என்றார் மச்சான்.

"இன்னைக்கேவா?"

"இல்ல, ஏப்ரல்ல."

மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்குத் திரும்பினார்.

முதல் பாலத்தில் மச்சான் பேசிக்கொண்டே ஏறினார். பூங்காவில் பேச்சு குறைந்தது. இரண்டாவது பாலத்தில் பேச்சே இல்லை. பாதிப் படியில் அவர் பெட்டிச் சக்கரம் ஒன்று கழன்று, துள்ளித் துள்ளிக் கீழே இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரின் காலடியில் போய் நின்றது. மச்சான் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, என்னை நிக்கச் சொல்லுங்க, பத்து மணி நேரம் நிப்பேன். முப்பது வருசமா நின்னுதான் சாப்பிடுறேன். நடக்க மட்டும் சொல்லாதீங்க."

லிஃப்ட்காரர் படி என்றால் அலட்சியமாக ஏறினார்; லிஃப்ட் ஓடாத கட்டடத்தில்தானே அவருக்கு வேலை, மாடிக்கு நடந்து போயே பழக்கம். ஆனால் சமதரையில் இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் குதிகால் சுட ஆரம்பித்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் ஷூ கயிற்றை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். அவள் மட்டும் காலையில் புறப்பட்ட அதே நடையில் போய்க்கொண்டிருந்தாள். கடைசியில் அண்ணனுடைய பெட்டியையும் அவளே வாங்கி இழுத்துவந்தாள். வீட்டில் அதைத் திறந்து ஸ்பேனர்களைக் கண்டபோது, புருஷனைப் பார்த்த பார்வைக்கு அவர் சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் திங்கட்கிழமை, மச்சான் கடை விடுமுறை. லிஃப்ட்காரருக்கு அன்று மாலை ஷிஃப்ட்தான்; அவள் அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். மூவரும் கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆளுக்கொரு சுழல்நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எதிரே மூன்று கண்ணாடிகள். அவள் சவரச் சோப்புக் கட்டியை எடுத்து முதல் கண்ணாடியில் ரோம் என்று எழுதினாள். அடுத்ததில் ஃப்ளோரன்ஸ், மூன்றாவதில் வெனிஸ். சோப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"மிலான்?" என்றார் மச்சான்.

"நாலாவது கண்ணாடி இருக்கா அண்ணே?"

பைசாவுக்காக அவர் கொஞ்சம் மன்றாடிப் பார்த்தார். சாய்ஞ்ச கோபுரத்துல ஏறி இறங்க நீ தயாரா என்று அவள் கேட்டதும் விட்டுவிட்டார். வரிசையில் நிற்கிற இடமெல்லாம் அண்ணன் பொறுப்பு, படி ஏறுகிற இடமெல்லாம் புருஷன் பொறுப்பு, வழி கண்டுபிடிப்பது தன் பொறுப்பு என்று கண்ணாடி நிறைய எழுதினாள்.

"வெனிஸ்லேர்ந்து ரோமுக்குத் திரும்பி வர அரை நாள் போயிடுமே" என்று லிஃப்ட்காரர் தலையைச் சொறிந்தார்.

"ஏன் திரும்பணும்? ரோம்ல இறங்கி, வெனிஸ்லேயே ஃப்ளைட் ஏறிடலாம். போன வழியே வரணும்னு யாரு சொன்னா?"

மேலே போன லிஃப்ட் அதே தடத்தில்தான் கீழே வரும் என்பதுதான் லிஃப்ட்காரருக்குத் தெரிந்த உலகம். இது அவருக்குத் தோன்றவே தோன்றியிருக்காது. "அப்படியே செய்வோம்" என்றார்.

ஏப்ரலில் அப்படியே செய்தார்கள். ரோமில் வரிசை வளைந்து வளைந்து நின்ற இடத்தில் மச்சான் தூணைப் போல நின்று, முன்னே நின்ற பாஷை தெரியாத கிழவரோடு சைகையிலேயே நட்பாகிவிட்டார். ஃப்ளோரன்ஸில் லிஃப்ட்காரர் நானூற்று அறுபத்துமூன்று படி ஏறிக் தேவாலயத்தின் குவிமாடத்தைத் தொட்டு வந்தபோது, மச்சான் மியூசியத்தில் ஒரு பளிங்குச் சிலை இளைஞனின் சுருட்டைமுடியை அண்ணாந்து பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றிருந்தார். "இந்த முடியில கத்தரி வைக்க எனக்கே கை நடுங்கும், மாப்ளே" என்றார். வெனிஸில் அவள் கால்வாய்ப் படியில் குந்தி, சுவரில் தண்ணீர் ஏறி இறங்கிய பச்சைக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவளை எழுப்ப இரண்டு ஆண்களுக்கும் மனம் வரவில்லை.

கடைசி நாள் மதியத்திலிருந்து கனமழை. படகில் போகிற திட்டம் நின்றுபோயிற்று. அறையில் படுத்த லிஃப்ட்காரர் அயர்ந்து தூங்கிவிட்டார். அவர் கண்விழித்தபோது ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் அண்ணனும் தங்கையும் சம்மணம் போட்டு உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் எப்படிச் சண்டை போட்டிருப்பார்களோ அப்படியே சண்டை.

"அண்ணன் ஏமாத்துறாருங்க" என்றாள் அவள், அவர் விழித்ததைக் கண்டு. "எந்திரிச்சு வந்து கூட உக்காருங்க."

அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "எனக்கும் போடுங்க" என்றார்.