மூடிய லென்ஸ் எடுத்த படம்

தொண்ணூறுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி மில்லில் சூப்பர்வைசராக இருந்தேன். துணியில் முடிச்சு, பழுது கண்டுபிடிக்கப் புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார்கள். எந்தத் துணியைப் படமெடுத்தாலும் திரையில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மேனேஜர், துணியைச் சோதிக்கும் செட்டியார்பட்டி அக்காவைக் கூப்பிட்டார். "இம்புட்டையும் விட்டிருக்கியேம்மா. நாளையிலருந்து வர வேண்டாம்."

அன்று மதியம் கேமரா விற்ற கம்பெனியிலிருந்து அதைப் பார்க்க ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. ஒவ்வொரு படத்துக்கு முன்பும், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் கேமராவின் முதுகில் உள்ளங்கையை வைப்பார்.

லென்ஸை மூடிவிட்டு ஒரு படம் எடுத்தார். அந்த இருட்டிலும் அதே இடங்களில் அதே புள்ளிகள்.

"துணியில ஒண்ணுமில்ல சார். உள்ள வெளிச்சத்த வாங்குற சென்சார் சூடாகுது, அதுதான் புள்ளியாத் தெரியுது."

மேனேஜர் அக்காவிடம், "வேலையப் பாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் கம்ப்யூட்டரில் இருட்டுப் படத்தைத் துணிப் படத்திலிருந்து கழித்ததும் புள்ளிகள் போய்விட்டன. ஆனாலும் மெல்லிய மணல் தூவியதுபோல் ஏதோ மிச்சமிருந்தது. படத்துக்குப் படம் அது இடம் மாறியது.

"இதுவும் சூடா சார்?" என்று கேட்டேன்.

"இல்ல, இது வெளிச்சம். மழையில ரெண்டு டம்ளர் பக்கத்துல பக்கத்துல வச்சா, ரெண்டுலயும் ஒரே அளவாவா சொட்டு விழுது? வெளிச்சமும் அப்படித்தான் விழும்."

"அப்ப இத எப்படிச் சரி பண்றது?"

"எதச் சரி பண்ண?" என்று அவர் என்னையே கேட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிப் போய்விட்டார். சுவரில் விழும் வெயில் எனக்கு இன்றும் சீராகத்தான் தெரிகிறது. அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ.