பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து

'கூறப்படுகிறது' என்ற சொல் கண்ணில் பட்டால், அதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார் எங்கள் பேராசிரியை. "யாருடா கூறினா, சுவரா?" எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் என்ற மிதப்போடு நான் நீட்டிய முதல் செய்தியில் பதினோரு அடித்தல்.

பத்தொன்பது ஆண்டுகள் மனித உரிமை வழக்குகள் நடத்தியவர். பிறகு ஒரு வார இதழில் செய்தியாளர். இப்போது அதோடு எங்களுக்கு இதழியல் பேராசிரியர். கறுப்பு அங்கியைக் கழற்றியும் நீதிமன்றப் பழக்கம் போகவில்லை. உட்கார்ந்து பாடம் நடத்த வராது. பதில் சொல்ல எழுந்தவனை, "ஆமாவா, இல்லையா? கதை வேண்டாம்" என்று கூண்டில் ஏற்றிவிடுவார்.

அந்தப் பழக்கம்தான் இப்போது கழுத்தைப் பிடித்திருக்கிறது. விசாரணைக்கென்று காவல் நிலையம் கொண்டுபோன ஒரு லாரி ஓட்டுநர் பிணமாகத் திரும்பினார். அடித்ததைக் கண்ணால் பார்த்தவர், அந்த நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண். பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்துத்தான் அவரைப் பேசவைத்தார். அந்தப் பெண் சொன்னதை எழுதி முடித்ததும், கை பழகிய தோஷம், படித்துக் காட்டிப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கிவிட்டார். எந்தச் செய்தியாளரும் செய்யாத வேலை. அச்சில் பெயரில்லை, அந்த நான்கு தாள்களில் இருக்கிறது. காவல்துறை கேட்டது, ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுத்தால் சிறை. கெடு, நேற்று மாலை நான்கு மணி.

மதியம்வரை வகுப்பெடுத்தார். "வக்கீலுக்குக் கையெழுத்து சாட்சி. பத்திரிகைக்காரிக்கு அது காட்டிக்கொடுக்கிறது. குறிச்சுக்கோங்க, பரீட்சைக்கு வரும்." ஒருவரும் சிரிக்கவில்லை.

நீதிமன்ற வராந்தாவில் அவருடைய அக்கா காத்திருந்தார். நாங்கள் நாலைந்து பேர் தூணோரம் நின்றோம்.

"ஏண்டி, கையெழுத்தை மட்டும் கிழிச்சுட்டுக் குடுத்துடேன்."

"அதுக்குத் தனி கேஸ்க்கா."

"அப்ப மொத்தமா கொளுத்து."

"அதுக்கும் கேஸ்தான்."

"எல்லாத்துக்கும் ஒரு சட்டம் வச்சிரு! அப்ப குடுத்துத் தொலை. உள்ள போற வயசா இது? உனக்கு வேளாவேளைக்கு எவ சர்க்கரை மாத்திரை எடுத்துக் குடுப்பா?"

"நாளைக்குக் காலைலயும் அந்தப் பொண்ணு அதே ஸ்டேஷனைத்தான்க்கா கூட்டணும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணி நான்காக இரண்டு நிமிடம். உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

சிறை வாசலில் எதையெல்லாம் கழற்றச் சொல்வார்கள் என்பது, வக்கீலாகக் கட்சிக்காரர்களோடு அங்கே போய் நின்ற காலத்திலிருந்தே அவருக்குத் தெரியும். ஒரு காதுத் தோடு, இன்னொரு காதுத் தோடு, கைக்கடிகாரம். கடைசியாகக் கொண்டை ஊசியையும் உருவி, அக்காவின் உள்ளங்கையில் வைத்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.