பஞ்சுக்காலும் பதினாறு கிலோமீட்டரும்

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடாத காரை விற்கக் கூடாது என்பது அரசு விதி. பெட்ரோல் குறைந்தால் புகை குறையும் என்று கணக்கு. அந்தக் கணக்குக்குக் கால் கொடுத்தவர் இவர். மைலேஜ் சோதனைக்கூடத்தில் கார் ஓட்டுபவர்; அங்கே ‘பஞ்சுக்கால்’ என்றால்தான் தெரியும். ஆக்ஸிலேட்டரை அவ்வளவு பதமாக மிதிப்பார்.

பதினெட்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறார். ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. சக்கரங்கள் உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே சுற்றும். எதிரே திரையில் வேகத்தைக் காட்டும் ஒரு கோடு ஏறி இறங்கும். அதன்படி மிதிக்க வேண்டும். ஏசி கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, குறுக்கே பாயும் பைக் கிடையாது. இப்படி ஓட்டினால் எந்தக் கார்தான் மைலேஜ் தராது? விதி இறுக இறுகக் காகிதத்தில் மைலேஜ் ஏறியது. ஊரில் புகை அப்படியேதான் இருந்தது.

அவர் சான்று கொடுத்த கார் ஒன்று அவர் வீட்டிலும் நின்றது. காகிதத்தில் இருபத்து நான்கு. மனைவி ஓட்டினால் பதினாறு.

“மிதிக்கிறியா, உதைக்கிறியா? காருல தப்பே இல்ல, எல்லாம் உன் கால்தான்” என்று ஒன்பது வருஷம் அந்த அம்மாளைப் படுத்தி எடுத்தார்.

“மைலேஜ் ஜாஸ்தின்னு நம்பித்தானே இவ்வளவு தூரத்துல வீடு பார்த்தீங்க? தினமும் அறுபது கிலோமீட்டர் ஓட்டுறேன். இதுல புகை எங்க குறையும்?” என்பார் மனைவி. இவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

போன மாதம் விதி மாறியது. இனி நிஜ ரோட்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். முதலில் வந்தது அவர் வீட்டில் நிற்கும் அதே மாடல் கார். சிக்னல், நெரிசல், மேம்பாலம் என்று பஞ்சுக்கால் மூன்று நாள் ஓட்டினார். மூன்று நாளும் பதினாறு.

மேலாளருக்கு வியர்த்துவிட்டது. “கார் மேல தப்புன்னு எழுதினா, இத்தனை வருஷம் நாம கொடுத்த சான்றெல்லாம் சந்தி சிரிக்கும். ‘ஓட்டினவர் சரியா மிதிக்கல’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா அந்த சீட்டுல இனிமே உட்கார முடியாது.”

பேனாவைத் திறந்தார். ஒன்பது வருஷமாக வீட்டில் அவர் சொல்லிவந்த அதே வாக்கியம். வெட்கத்தில் காது சுட்டது. ‘ஓட்டியவர் மீது தவறில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். மதியத்துக்குள் கோப்பு அறைக்கு மாற்றல் வந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னார். மனைவி கேட்டார்:

“ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டீங்க, சரி. ‘உன் கால் மேல தப்பில்ல’ன்னு என்கிட்ட எப்போ சொல்லப் போறீங்க?”