எதிர்வீட்டுக்காரர் போட்ட பந்தல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பு புறக்கோட்டையில் வெங்காய மூட்டை சுமந்தேன், பிறகு அதே தெருவில் மொத்தக்கடை போட்டேன், கொட்டாஞ்சேனையில் மூன்று மாடி வீடு எழுப்பினேன். எவருடைய கையையும் பார்த்திருந்தவனல்ல.

எங்கள் ஒழுங்கை ஒடுக்கமான சந்து, பின்னால் மதில். கோயில் திருவிழாவில் தேர் உள்ளே வராது. பெரிய தெருவில், ஒழுங்கை வாயில் நின்றுவிட்டுப் போகும். அதனால் வீட்டுக்கு வீடு நிறைகுடத்தை அங்கே கொண்டுபோய் மேசை போட்டு வைப்போம். நடு இடம் என்னுடையது. யாரும் எழுதித் தந்ததல்ல, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு எதிர்வீட்டுக்காரர் குடிவந்தார். வெள்ளவத்தையில் புடவைக்கடை, படித்த மனுசன், சிங்களத்தில் பொலிஸ்காரரையே சிரிக்க வைப்பார். போன திருவிழாவுக்கு ஒழுங்கை வாயை முழுதாக அடைத்துப் பந்தல் போட்டுவிட்டார். வாழை, தோரணம், சரிகைத் துணி, நடுவில் அவருடைய மேசை. என் நிறைகுடம் வாய்க்கால் ஓரம் போனது. சனம் பந்தலுக்கு முன் நின்று படம் எடுத்தது. எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அன்று பின்னேரம் பெரிய தெருவை இரண்டு பக்கமும் மறித்தாயிற்று. மேளச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது என் மனைவி குசினியில் அடுப்புக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இஞ்சாருங்கோ, மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு.”

முகம் வேர்த்து வழிந்தது. நான்தான் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். அது கெதியாகப் பறந்துதான் வந்தது, மறியலையும் பொலிஸ் திறந்துவிட்டது. பிறகு பந்தலுக்கு வெளியே வந்து நின்று கூவியது, கூவியது. நகரம் முழுக்கக் கடந்து வந்த வாகனத்துக்கு எங்கள் ஒழுங்கை வாயைத் தாண்ட வழியில்லை.

அதில் வந்தவர் பையோடு உள்ளே ஓடிவந்து அவளைப் பார்த்தார். இந்த மேடுபள்ளத்தில் தூக்கிக் குலுக்கிக்கொண்டு போகக் கூடாது, வண்டி வாசலுக்கு வரவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். நான் பந்தலுக்கு ஓடினேன்.

எதிர்வீட்டுக்காரர் பட்டு வேட்டியோடு நின்றார்.

“என்னண்ணை, ஆருக்கு?”

“என்ர மனுசிக்கு. உம்மட பந்தலைக் கழட்டும்!”

கழற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பந்தல்காரர்களைக் கேட்பார், தேர் போகட்டும் என்பார் என்று நினைத்தேன். திட்டுவதற்கு வாயில் வார்த்தையும் தயாராக இருந்தது. அவர் தேர் வரும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மல்லி, கபன்ன! கபன்ன!” என்று சிங்களத்தில் பந்தல்காரர்களை வெட்டச் சொல்லிக் கத்தினார். அவர்கள் தயங்கினார்கள். கத்தியைப் பறித்துத் தானே கயிறுகளை அறுத்தார். சரிகைத் துணி சேற்றில் விழுந்தது. தன் மேசையையும் ஒரு பக்கம் இழுத்து எறிந்தார். அதன் மேலேயே வாழைமரம் சரிந்தது. வண்டி அந்தத் துணிகளின் மேல் ஏறி உள்ளே வந்தது.

மனைவியோடு நானும் ஏறினேன். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் தப்பியிருக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நாங்கள் போனபின் எதிர்வீட்டுக்காரர் மேசையில்லாமல் கையிலேயே நிறைகுடத்தை ஏந்தி நின்றாராம், தேர் அவருக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றதாம், ஐயர் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாராம். என் மகன் ஆஸ்பத்திரிக்கு வந்து வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். வழியை அடைத்தது யார்? அவர். திறந்ததற்குப் புகழ் யாருக்கு? அதுவும் அவருக்கு. அம்புலன்ஸுக்கு அடித்தவனை ஒருவரும் கேட்கவில்லை.

மனைவி வீடு திரும்பியதும் அவர் பழங்களோடு வந்தார். இவள் அழுதேவிட்டாள்.

“அண்ணை, நீங்கள் இல்லாட்டி நான் இல்லை.”

நாற்பது வருடக் குடித்தனத்தில் எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“சும்மா இருங்கோ தங்கச்சி. நான் போட்ட பந்தல்தானே மறிச்சது,” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “அண்ணை, இனிப் பந்தலே வேண்டாம். ஒரு வாகனம் போக வழி விட்டிட்டு, எல்லாருமா ஒரு பக்கமா மேசை வைப்பம். என்ன சொல்லுறியள்?”

நல்ல யோசனை. நான் இருபது வருடமாக அந்த வாயில் நின்றவன், எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

“ஓம், நானும் அதைத்தான் நினைச்சனான்,” என்றேன்.

மனைவி கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரிக்கட்டும்.